பள்ளிக்குப் போகாத பிள்ளையோடு ஆறு வாரம்

பத்தாவதில் இரண்டு பாடம் போயிருக்கும். அல்லது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே நின்றிருப்பான். பகல் பதினொரு மணிக்கு எழுகிறான், சாப்பிட்டால் போனோடு படுக்கிறான், சாயங்காலம் வண்டி எடுத்துக்கொண்டு போனால் ராத்திரிதான் வருகிறான். வீட்டில் தினமும் ஒரே கேள்வி: "என்னதான் ஆகப்போற நீ?" அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது.

14 முதல் 18 வயதுக்குள் இப்படித் தேங்கி நிற்கிற பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர், மாமா, சித்தி, வகுப்பாசிரியர் ஆகியோருக்கான வழிமுறை இது. விவரங்கள் தமிழ்நாட்டு நடைமுறையைச் சேர்ந்தவை. அடிப்படை ஒன்றுதான்: அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதை உட்கார வைத்து விசாரித்துக் கண்டுபிடிக்க முடியாது. பதினைந்து வயதில் அது யோசித்துத் தெரிவதில்லை. ஒரு வேலையைத் தொட்டுப் பார்த்து, அது சலித்துப் போன பிறகும் மறுநாள் காலையில் கிளம்பிப் போகிறானா என்பதில்தான் தெரியும். அதற்கு ஆறு வாரம் வேண்டும். அதுவரை எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் காத்திருக்காது. பொதுத்தேர்வில் தவறியிருந்தால், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற கெடு முடிவு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். "படிக்கவே மாட்டேன்" என்று அவன் சொன்னாலும், படித்த பள்ளி மூலமாகப் பணம் கட்டிவிடச் சொல்லுங்கள். எழுதுவதா வேண்டாமா என்று பிறகு பேசிக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

முதலில் விலக்க வேண்டியவை

"சோம்பேறி" என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் நாலைந்து விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால், எந்தத் திட்டம் போட்டாலும் இரண்டாவது வாரத்தில் சரிந்துவிடும்.

உயிர் ஆபத்து முதலில். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுப்பது, கையில் கீறிக்கொண்ட தடம் ஆகியவற்றை "மெரட்டுறான்" என்று தள்ளக் கூடாது. நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்பது தவறான பயம். கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் தூக்க மாத்திரை இருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள். விவசாயக் குடும்பங்களில் மோட்டார் அறையில் கிடக்கிற மருந்து டப்பாவும் இதில் சேர்த்தி. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416 இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசும், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர் கிடைப்பார். தேர்வு முடிவு வருகிற நாளும் அதற்கு அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது குடித்துவிட்டால் 108. அப்போது விசாரணை கூடாது.

இரண்டாவது, போதை. உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப், ஹான்ஸ், கஞ்சா, வலி மாத்திரையைத் தூளாக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றுவது என்று ஊருக்கு ஊர் மாறும். கீழுதட்டின் உட்பக்கம் வெளுத்திருப்பது, காசு காணாமல் போவது, முழுக்கையை விட்டு மாறாமல் சட்டை போடுவது, கண் சிவப்பு ஆகியவை அடையாளம். ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். அடித்து நிறுத்த முடியாது. ஊசி மாத்திரைப் பழக்கத்தைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்தும் பாட்டுக்கு மருத்துவர் தேவை.

மூன்றாவதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: வாசிக்கத் தெரியாமல் பத்தாவது வரை வந்த பிள்ளை. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஏறக்குறைய நூறு வார்த்தை உள்ள ஒரு பத்தியை, யாரும் இல்லாத நேரத்தில், சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பத்து வார்த்தைக்கு மேல் தடுக்கினால், ஒரே வரியை இரண்டு முறை படித்தால், எழுத்துகளை இடம் மாற்றிப் படித்தால், "படிக்கப் பிடிக்கல" என்பதற்கு அர்த்தமே வேறு. முதலில் கண் பரிசோதனை, அதன் பிறகு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. அது உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாகக் கேட்கலாம். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஓடினால் கிடைக்காது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

தூக்கம், பசி, சிரிப்பு மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போதும்.

பெண் பிள்ளை நின்றுவிட்டால் காரணங்களின் பட்டியலே வேறு. பேருந்தில் தொந்தரவு, பள்ளிக் கழிப்பறை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு, யாரோ ஒருவன் போட்டோவை வைத்து மிரட்டுவது, வீட்டிலேயே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தது. கடைசி இரண்டையும் அவளாகச் சொல்லமாட்டாள். மிரட்டல் என்றால் சைபர் குற்ற எண் 1930. குழந்தை சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் 1098. பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு என்றாலும் அதே 1098தான். சொன்னது யார் என்பதை வெளியே விடமாட்டார்கள்.

யார் பேசுவது

அப்பா, அம்மா, பெரியப்பா, பக்கத்து வீட்டு ஆசிரியர் என்று ஆளுக்கு ஒரு நாள் புத்தி சொன்னால் அவன் காது அடைத்துக்கொள்ளும். ஒரே ஒருவர் போதும். அப்பாவோடு முறுகல் இருந்தால் அவர் முதல் இரண்டு வாரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கோபத்தோடு ஒதுங்குவது வேறு, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்குவது வேறு. தாய்மாமா, அத்தை, அவன் மதிக்கிற மெக்கானிக் அண்ணன், பழைய பி.டி. சார் என்று யாராகவும் இருக்கலாம். தகுதி இரண்டுதான்: அவன் முன்னால் வேறு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதவர், கேட்டதை வீட்டில் போய் ஒப்பிக்காதவர். உயிர் ஆபத்து, போதை, பாலியல் தொந்தரவு மூன்றைத் தவிர வேறு எதையும் வெளியே சொல்வதில்லை என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் வாரம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். வண்டி கழுவும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, டீக்கடைக்கு நடக்கும்போது, அதாவது இருவர் கண்ணும் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். இருபது நிமிடம் போதும். அவனாக நீட்டினால் ஒழிய நாம் நீட்டக் கூடாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு கேள்வி உதவும். போதை மீட்பு ஆலோசகர்கள் பயன்படுத்துகிற முறை இது, இங்கேயும் வேலை செய்கிறது. இப்படிப் போகும்:

"மாப்ள, பத்துக்கு மார்க் போடு. மறுபடி ஏதாவது ஒண்ணுல சேரணும்னு எவ்ளோ தோணுது?"

"மூணு."

"மூணா? ஏன், ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே?"

"இல்ல மாமா… பசங்க எல்லாம் காலேஜ் போயிடுவானுங்க. நான் மட்டும் இங்கயே சுத்திக்கிட்டு இருப்பேன்."

நுட்பம் "ஏன் ஒண்ணு இல்லை" என்பதில் இருக்கிறது. "ஏன் பத்து இல்லை" என்று கேட்டிருந்தால், முடியாததற்கான காரணங்களை அடுக்கியிருப்பான். அடுக்க அடுக்க அவனுக்கே அவை நிஜமாகிவிடும். கீழே இருக்கிற எண்ணைக் காட்டிக் கேட்டால், போக வேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே சொல்கிறான். சொன்னதும் நாம் குதித்து விழுந்து "அதான் நானும் சொல்றேன்" என்றால் கெட்டது. "ம்" என்று விட்டுவிட்டு வண்டியைத் துடையுங்கள்.

"பூஜ்யம்" என்று சொன்னால்? "சரி, என்ன நடந்தா அது ஒண்ணாகும்?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பேச்சை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

கடிகாரத்தைத் திருப்புவது

ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கிப் பகல் பதினொன்றுக்கு எழுகிற பிள்ளையால் எந்த வேலைக்கும் போக முடியாது. வளரிளம் பருவத்தில் தூக்கம் வருகிற நேரமே உடம்பில் இயல்பாகத் தள்ளிப்போகும். அதன் மேல் போன் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. அவனுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்புவதால் கடிகாரம் திரும்பாது. அன்றைக்குப் பகலில் தூங்குவான், ராத்திரி மறுபடி விழித்திருப்பான்.

எழுகிற நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள். 11, 10.30, 10 என்று. ஏழு மணிக்கு வர ஏறக்குறைய இரண்டரை வாரம் ஆகும். எழுந்த அரை மணிக்குள் வெயில் படுகிற இடத்தில் ஒரு வேலை வேண்டும்: பால் வாங்கி வருவது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது, தண்ணீர்க் குடம் எடுப்பது. தூங்கப்போகிற நேரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது தானாகப் பின்னால் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மேல் சலுகை கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அன்று சண்டை, மறுநாள் நண்பனின் பழைய போன். வீட்டில் உள்ள எல்லாப் போன்களும், அப்பாவுடையது உட்பட, ராத்திரி பத்தரைக்குக் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கும் என்று வையுங்கள். அப்பா மட்டும் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விதி இரண்டு நாள்கூடத் தாங்காது.

நாற்பது பக்க நோட்டு

இரண்டாம் வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பேசுகிறவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அவனுக்குப் படித்துக் காட்டுவதற்கு இல்லை. யாரும் சொல்லாமலே அவன் அரை மணி நேரத்துக்கு மேல் செய்த காரியங்களைத் தேதி போட்டு எழுதுங்கள். "நண்பன் வண்டிக்குச் செயின் மாற்றினான், ஒன்றரை மணி." "கோயில் திருவிழாவில் ஐம்பது பேருக்குப் பரிமாறினான்." "கேமுக்கு டீம் சேர்த்தான், ஒருத்தன் கோபித்துக்கொண்டு போனான், பேசிக் கூட்டி வந்தான்."

எழுதும்போது வினைச்சொல்லைப் பிடியுங்கள்: கழற்றுகிறான், பேசிச் சமாளிக்கிறான், வரைகிறான், பரிமாறுகிறான், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெரிய ஆசைகள் எப்போதும் பெயர்ச்சொல்லாகத்தான் வரும்: "யூடியூபர் ஆகணும்", "போலீஸ் ஆகணும்", "கிரிக்கெட்டர்". அதைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம், உடனே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். அதை வினையாக உடையுங்கள். யூடியூபில் எது பிடிக்கும்? படம் எடுப்பதா, வெட்டி ஒட்டுவதா, கேமரா முன்னால் பேசுவதா, முகப்புப் படம் வடிவமைப்பதா? வெட்டி ஒட்டுவது என்றால் கல்யாண வீடியோ எடிட்டிங் கடையில் ஒரு நாற்காலி இருக்கிறது. வடிவமைப்பது என்றால் பிளெக்ஸ் கடை.

போலீஸ் ஆசையை எடுத்துக்கொள்ளுங்கள், மிக அதிகமாக வருவது அதுதான். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது வேண்டும். பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. பெண்களுக்குப் பொதுவாக 159. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை 400 மீட்டர் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். மூன்றே முக்கால் சுற்று. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஓட விடுங்கள். முதல் நாள் இரண்டாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். பரவாயில்லை, எவ்வளவு தூரம் ஓடினான் என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு நாலு நாள் போதும். தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்து மூன்றாவது வாரம் நின்றுபோகும். இந்த ஆசையில் இன்னொரு லாபம்: அடிதடி வழக்கில் பேர் சேர்ந்தால் காவலர் தேர்வில் பின்னணி விசாரணையின்போது மாட்டிக்கொள்வான் என்பதை நீங்கள் ஒரே ஒருமுறை சொன்னால் போதும், ராத்திரிச் சுற்றலை அவனே குறைத்துக்கொள்வான்.

உயரம் எட்டாது என்றால் அதையும் இப்போதே அளந்துவிடுங்கள். மூன்று வருடம் ஓடவிட்டுப் பிறகு அளப்பது கொடுமை. பதினைந்து வயதுப் பையன் இன்னும் வளரலாம். பதினெட்டில் 162 என்றால் மற்ற சீருடைப் பணிகளின் தகுதியைத் தேடிப்பாருங்கள்.

பட்டறையில் பத்து நாள்

மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை, நோட்டில் தெரிகிற வினைச்சொல்லுக்கு ஏற்ற இடத்தில் பத்து அரை நாள் உட்கார வைப்பதுதான் இந்த வழிமுறையின் முதுகெலும்பு. டூ வீலர் பட்டறை, ஏ.சி. சர்வீஸ், தையல் கடை, பேக்கரி, நர்சரி, அச்சகம், லேப், பிரசவித்த மாட்டைப் பார்க்கிற கால்நடை மருந்தகம் என எதுவாகவும் இருக்கலாம்.

கடைக்காரரிடம் முன்னாலேயே பேச வேண்டியவை: காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். சம்பளம் இல்லை, டீயும் பேருந்துக் காசும் நாம் கொடுப்போம். பார்க்கவும் சின்னச் சின்னதாகச் செய்யவும் விட வேண்டும். ஆர்க் வெல்டிங், ஸ்பிரே பெயிண்ட், பவர் பிரஸ், கரண்ட் கம்பம் பக்கம் விடக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கவே கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் கூடாது. ஆபத்தில்லாத இடத்திலும் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை, இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை இல்லை. இதைச் சண்டைக்காரன் மாதிரி சொல்லாமல், "சின்னப் பையன், ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத்தான் அண்ணே தலைவலி" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கெட்டுப்போவது இங்கேதான் அதிகம். முதலாவது, பையனை டீ வாங்கவும் கடை கூட்டவும் மட்டும் வைத்துக்கொள்வது. முதல் இரண்டு நாள் கூட்டட்டும், அது எல்லாத் தொழிலிலும் உண்டு. நாலாவது நாள் முடிந்தும் கையில் ஒரு ஸ்பேனரோ கத்தரியோ வரவில்லை என்றால் கடையை மாற்றுங்கள். இரண்டாவது, நன்றாகச் செய்துவிட்டால் கடைக்காரரே "தினமும் வரட்டும், வாரச் சம்பளம் தர்றேன்" என்பார். வீட்டுக் கஷ்டத்தில் அந்தப் பணம் பெரிதாகத் தெரியும். அவனும் முதல் சம்பளத்தில் வண்டி ஈ.எம்.ஐ. கனவு காண ஆரம்பித்தால், சான்றிதழ் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. அதே பட்டறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தும் கம்பெனிக் கேட்டுக்குள் நுழைய முடியாமல் இருக்கிற மூத்த ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். அவர் வாயாலேயே ஏன் என்று அவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பத்து உபதேசத்துக்கு அவருடைய ஒரு பெருமூச்சு சமம்.

சாயங்காலம் கேட்க வேண்டிய கேள்வி "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" கிடையாது. அது பரீட்சை. "எது செம போர்?" என்று கேளுங்கள். எல்லா வேலையிலும் போர் அடிக்கிற பகுதி உண்டு. கார்புரேட்டர் கழற்றுவது பிடித்து, அதைப் பெட்ரோலில் கழுவித் துடைப்பது பிடிக்காத பையன் இருக்கிறான். கழுவுவதையும் பொறுத்துக்கொண்டு மறுநாள் போகிற பையனும் இருக்கிறான். இரண்டாமவனுக்கு அந்தத் தொழில் ஒட்டும். ஏழாவது, எட்டாவது நாளில்தான் இது தெரியவரும். ஐந்து நாளில் விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பத்து. பத்தும் முடித்து "இது வேணாம்" என்றால் அதையும் லாபக் கணக்கில் எழுதி, அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது வாரச் சறுக்கல்

அநேகமாக எல்லோரும் ஒருமுறை சறுக்குவார்கள். இரண்டு நாள் போகமாட்டான், போன் எடுக்கமாட்டான். "எனக்கு அப்பவே தெரியும்" என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: கடையில் யாரோ கேலி செய்தார்கள், பேருந்தைத் தவறவிட்டுத் தாமதமானதும் முகத்தைக் காட்டக் கூச்சம், ராத்திரி நண்பன் பிறந்தநாள். கேட்டுக்கொண்டு, அடுத்த முறைக்கு ஒரு ஏற்பாடு அவனையே சொல்லச் சொல்லுங்கள், "அப்படி ஆனால் இப்படி" என்ற வடிவத்தில். "எட்டரை பஸ்ஸ விட்டா, அண்ணனுக்கு போன் பண்ணிட்டு ஒம்பதே கால் பஸ்ல போறேன்." "இனிமே ஒழுங்கா போறேன்" என்பது ஏற்பாடு ஆகாது, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நண்பர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கபடியோ ஜிம்மோ சிலம்பமோ வைத்தால் கூட்டாளி வட்டம் தானாக மாறும். வண்டி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தச் சட்டப்படி வண்டி உரிமையாளருக்கு அல்லது பெற்றோருக்கு ₹25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. "பாஸ் பண்ணா வண்டி வாங்கித் தர்றேன்" என்ற வாக்குறுதி ஏன் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பாஸ் ஆகாவிட்டால் இரண்டையும் சேர்த்து இழந்த மாதிரி ஆகிவிடும்.

சான்றிதழ் பக்கம்

ஆறாவது வாரம். இப்போது கையில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்குத் தாள் தேட வேண்டும்.

துணைத் தேர்வு எழுதுவதாக இருந்தால், தவறிய பாடத்துக்கு மட்டும் படித்தால் போதும். பத்தாவதில் தேர்ச்சி மதிப்பெண் 35. அறிவியலில் எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15. கணக்கைப் பார்த்துத்தான் அதிகம் பேர் மிரள்கிறார்கள், ஆனால் 35 எடுப்பதற்கு மிகத் தோதான பாடமும் அதுதான். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணில் எழுத வேண்டியவை 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் 2: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். அந்த இரண்டுக்கும் சேர்த்து 16. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரைவது என்று வடிவியலில் வகைகள் கொஞ்சம்தான். வரைபடத்தில் இருபடிச் சமன்பாடும் மாறுபாடும். முதல் பத்து நாள் இவற்றை மட்டும், கூர்மையான பென்சிலோடு, தினமும் இரண்டு. அடுத்தது புத்தகத்தின் பயிற்சிகளில் உள்ள சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதில் 9 வந்தால் 25. மீதிப் பத்தை உறவுகளும் சார்புகளும், அணிகள், புள்ளியியல் என்று எளிய பாடங்களில் எடுக்கலாம். முதல் பாடத்திலிருந்து வரிசையாக ஆரம்பிக்கிற பிள்ளை எண்களும் தொடர்வரிசைகளும் தாண்டுவதற்குள் சோர்ந்துபோகும். பின்னாலிருந்து வாருங்கள்.

பத்தாவது தாண்டவே முடியாது என்று தோன்றினால் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. 14 வயது நிரம்பியிருந்தால் போதும். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு. வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் இரண்டு வருடம். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் ₹750 உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் மொழிப்பாடங்களை மட்டும் எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெற வழி இருக்கிறது. அப்படிப் பத்தாவதும் இரண்டு வருட ஐ.டி.ஐ.யும் முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். அதாவது, பத்தாவது முடித்து ஃபிட்டர் பட்டறையில் ஆரம்பித்தவன் பி.இ. வரை போகிற படிக்கட்டு உடையாமல் இருக்கிறது. இதைப் பெற்றோருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, "ஐ.டி.ஐ.யா?" என்று முகம் சுளிப்பவர்கள் அவர்கள்தான்.

சேர்க்கை விண்ணப்பம் பொதுவாகத் தேர்வு முடிவுகளை ஒட்டி வரும். கெடு முடிந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள், காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். ஆன்லைன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நிலையத்துக்கே நேரில் போய் எந்தப் பிரிவில் எத்தனை இடம் இருக்கிறது என்று கேளுங்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால், குறிப்பிட்ட அந்தப் பிரிவுக்கு என்.சி.வி.டி. என்கிற தேசியத் தொழிற்பயிற்சி அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்கு இருந்து பிரிவுக்கு இல்லாமல் போகலாம்.

பாட்டு, தவில், நாதஸ்வரம் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் மூன்று வருடச் சான்றிதழ்ப் பயிற்சி தருகின்றன. ஓவியம் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி, ஆனால் பிளஸ் டூ வேண்டும். விளையாட்டு என்றால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள். அங்கே வயதும் வகுப்பும் கறாராகப் பார்ப்பார்கள், பதினாறில் யோசிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் தாமதம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதிலிருந்து பத்தாவது எழுதலாம், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. தமிழக அரசு வேலைதான் குறி என்றால், சேருவதற்கு முன்பே அந்தப் பணிக்கு அந்தச் சான்று செல்லுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களுக்குத் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் "உயர்வுக்குப் படி" முகாம்கள் நடக்கின்றன. சான்றிதழ் குறைபாடு, வங்கிக் கடன், இடம் எல்லாவற்றுக்கும் ஒரே கூடத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். காலையிலேயே போங்கள்.

கடைசியாக ஃபைல். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆறு, ஒவ்வொன்றிலும் மூன்று நகல். கட்டண பாக்கிக்காகப் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தால், கட்டணம் வசூலிக்க அது கருவி ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் மதிப்பெண் பட்டியலில் பின்னாலும் இருப்பது, பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருப்பது ஆகியவற்றைச் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பே ஆதாரில் திருத்துங்கள், மதிப்பெண் பட்டியலில் திருத்துவது நெடிய வேலை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1000 வரும், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் வரும். ஆனால் அது பிள்ளையின் பெயரிலேயே, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில்தான் விழும். அம்மாவின் கணக்கைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கணக்குத் தொடங்க வங்கிக்கு அவனே போகட்டும், படிவத்தையும் அவனே நிரப்பட்டும். நீங்கள் வெளியே டீக்கடையில் இருங்கள்.